கதவோரத்து நிழல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச அழைத்தபோது, செயலாளர் அக்கா என்னிடம் ஒரு தலைப்புக் கேட்டார். "கதவுக்கு ஓரத்திலை இருக்கிற வளைவுகளைப் பற்றிக் கதைக்கப் போறன்" என்றேன். தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "கதவைப் பற்றியோ, பிள்ளை?" என்று கேட்டார். ஆம், கதவைப் பற்றித்தான். அது ஏன் என்பது உரையின் முடிவில் உங்களுக்கு விளங்கும்.

வெள்ளிக்கிழமைகளில் இந்த மண்டபத்தைத் துப்புரவு செய்யும் முறை எங்கள் காலத்தில் வகுப்புக்கு வகுப்பு மாறி வரும். வாங்குகளைத் துடைப்பது எளிது. கதவுகள்தான் கரைச்சல். பலகையைச் சுற்றியிருக்கும் அந்த ஓரத்தில் தூசி போய் இருந்துவிடும். துணியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். விரல் முதலில் ஒரு சிறு படியில் தட்டும், பிறகு ஒரு மேட்டில் ஏறும், வழுக்கிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கும், மறுபடி ஒரு படி. இங்கே இருக்கும் பலருக்கு அந்த வழி இன்னும் விரலில் இருக்கும். இன்று அந்த வழிக்குப் பெயர் சொல்லித் தர வந்திருக்கிறேன்.

கட்டடக்கலையில் இதற்கு மோல்டிங் என்று பெயர். மரத்திலோ கல்லிலோ சுண்ணாம்பிலோ, ஒரு விளிம்பை நீளப் போக்கில் ஒரே வடிவமாகச் செதுக்குவது அல்லது சீவுவது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரியும் வெட்டுமுகம்தான் அதன் உருவம். எத்தனை அடி நீளமானாலும் அந்த வெட்டுமுகம் மாறாது.

இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வெறும் சதுர விளிம்பு போதாதா? ஒரு சதுர விளிம்பின் மேல் வெளிச்சம் விழுந்தால் வெளிச்சமான ஒரு முகம், இருட்டான ஒரு முகம், அவ்வளவுதான். வளைந்த விளிம்பின் மேல் வெளிச்சம் விழுந்தால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எல்லாச் சாயலும் வரிசையாக வரும். மோல்டிங் செய்பவர் மரத்தைச் செதுக்கினாலும் அவர் உண்மையில் வரைவது நிழலை. இந்த மண்டபத்தின் மேற்குக் கதவுகளைப் பின்னேரம் நான்கு மணிக்குப் பாருங்கள். பத்து அடி தூரத்திலிருந்து வளைவு தெரியாது. நான்கைந்து கோடுகள், சில கறுப்பு, சில வெள்ளை, அவைதான் தெரியும்.

கிரேக்கரும் ரோமரும் பயன்படுத்திய அடிப்படை வடிவங்கள் எட்டுத்தான். ஏழு சுரங்களில் எத்தனையோ பாட்டு வருவதுபோல, இந்த எட்டில் இருந்துதான் மீதி எல்லாம் வந்தன. பயப்படாதீர்கள், சோதனை வைக்க மாட்டேன்.

முதலாவது பிலெற். ஒரு சிறிய தட்டைப் பட்டி. எழுத்துக்களுக்கு நடுவே விடும் இடைவெளிபோல, ஒரு வளைவையும் அடுத்த வளைவையும் பிரித்து வைக்கும். இரண்டாவது அஸ்ற்றகல், சிறிய அரைவட்ட மேடு. கிரேக்க மொழியில் அஸ்ற்றகலொஸ் என்றால் கணுக்கால் எலும்பு. ஆட்டின் கணுக்கால் எலும்புகளை எறிந்து பிடித்து விளையாடுவது கிரேக்கப் பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு. நாங்கள் இடைவேளையில் கொக்கான் வெட்டியதுபோலத்தான். மூன்றாவது ரோறஸ், பெரிய அரைவட்ட மேடு, தூணின் அடியில் வரும். இலத்தீனில் அதற்கு மெத்தை, வீக்கம் என்று பொருள். பாரம் அமர்ந்ததும் பிதுங்கும் தலையணைபோல இருக்கும்.

நான்காவது ஓவோலோ, வெளியே புடைத்த கால்வட்டம். இத்தாலிய மொழியில் முட்டை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஐந்தாவது கவெற்றோ, உள்ளே குழிந்த கால்வட்டம். எகிப்தியக் கோயில் வாசல்களின் தலையில் பெரிதாகக் குழிந்து வெளியே வளைந்து நிற்பது இதுதான். ஆறாவது ஸ்கோஷியா, இன்னும் ஆழமான குழிவு. கிரேக்கத்தில் இருட்டு என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் குழிக்குள் எப்போதும் நிழல் இருப்பதால் அந்தப் பெயர்.

கடைசி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மேடும் பள்ளமும் சேர்ந்த அலை வடிவம். சைமா என்பது கிரேக்கத்தில் அலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேலே பள்ளமும் கீழே மேடுமாக இருந்தால் சைமா றெக்ரா. மேலே மேடும் கீழே பள்ளமுமாக இருந்தால் சைமா றிவேர்சா. தச்சு வேலையில் இந்த அலை வடிவத்தை ஓஜி என்பார்கள். உங்கள் சுட்டுவிரல் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கியதே, அது இந்த றிவேர்சாவில்தான்.

இனி, எதை எங்கே வைப்பது என்ற கேள்வி. 1759இல் வில்லியம் சேம்பர்ஸ் என்ற கட்டடக்கலைஞர் தமது நூலில் இதற்கு எளிமையான விளக்கம் தந்தார். ஓவோலோவும் சைமா றிவேர்சாவும் மேல் நுனியில் தடிப்பானவை, ஆகவே தாங்கும் இடத்துக்கு ஏற்றவை. சைமா றெக்ராவும் கவெற்றோவும் மேல் நுனியில் மெலிந்தவை, பாரம் வைத்தால் உடையும். ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே மூடியாக நிற்பதே அவற்றின் வேலை. ரோறசும் அஸ்ற்றகலும் கயிறு சுற்றியதுபோல இறுக்கிக் கட்டுபவை. பிலெற்றும் ஸ்கோஷியாவும் பிரித்துக் காட்டுபவை. தாங்க ஒன்று, மூட ஒன்று, கட்ட ஒன்று, பிரிக்க ஒன்று. ஒரு குடும்பத்தில் ஆளுக்கொரு பொறுப்பு இருப்பதுபோல.

இப்போது தலையை நிமிர்த்திச் சுவரும் முகடும் சேரும் இடத்தைப் பாருங்கள். கீழே ஓவோலோ, அது தாங்குகிறது. அதற்கு மேல் ஒரு நேர்ப்பட்டி வெளியே துருத்தி நிற்கிறது. உச்சியில் சைமா றெக்ரா, அது முடித்து வைக்கிறது. இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களுக்கு இலக்கணம் தெரிந்திருக்கிறது. வெளிச்சுவரில் இதே அமைப்பு வரும்போது இன்னொரு பயனும் உண்டு. துருத்தி நிற்கும் பட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு தவாளிப்பு விடுவார்கள். மழைத்தண்ணீர் அந்த இடத்தில் துளியாகிச் சொட்டும். சுவரில் வழியாது.

மேடையின் இரு பக்கமும் நிற்கும் தூண்களின் அடியைப் பாருங்கள். ரோறஸ், ஸ்கோஷியா, மறுபடி ரோறஸ். இதற்கு அற்றிக் அடித்தளம் என்று பெயர். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான விற்றூவியஸ் தமது மூன்றாம் புத்தகத்தில் இதன் கணக்கைச் சொல்கிறார். மாணவிகளே, இதை மனக்கணக்காகச் செய்து பாருங்கள். தூணின் விட்டம் 24 அங்குலம் என்று வைப்போம். அடித்தளத்தின் உயரம் அதில் பாதி, 12 அங்குலம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 அங்குலம், அடியில் உள்ள சதுரக் கல்லுக்கு. மீதி 8. அதை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 2. அது மேல் ரோறசுக்கு. மிஞ்சிய 6 அங்குலத்தைச் சமமாகப் பிரித்து, 3 கீழ் ரோறசுக்கு, 3 பிலெற்றுகளோடு சேர்ந்த ஸ்கோஷியாவுக்கு. கீழிருந்து மேலே 4, 3, 3, 2. மேலே போகப் போகப் பாரம் குறைவதுபோல் கண்ணுக்குத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

நிழலை வரைவது என்று சொன்னேன். அதைக் கிரேக்கர் எவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதற்கு ஒரு சான்று. ரோமரின் வளைவுகளைப் பெரும்பாலும் கவராயத்தால் போட்டுவிடலாம். அவை வட்டத்தின் துண்டுகள். கிரேக்கரின் வளைவுகள் அப்படி அடங்காதவை. நீள்வட்டம், பரவளைவு போன்ற கோடுகளுக்கு நெருங்கியவை, கையாலும் கண்ணாலும் திருத்தியவை. ஓரிடத்தில் சட்டென்று திரும்பும், ஓரிடத்தில் ஆறுதலாகப் போகும். அதனால் நிழலும் ஓரிடத்தில் கூர்மையாகவும் ஓரிடத்தில் மெதுவாகக் கரைவதாகவும் இருக்கும்.

வளைவின் மேல் பூவேலை செய்யும்போதும் ஒரு மரபு உண்டு. ஓவோலோவில் முட்டையும் அம்பும் மாறி மாறி வரும். அஸ்ற்றகலில் மணியும் உருளையும் கோத்த மாலை வரும். சைமா றிவேர்சாவில் இலையும் அம்பும் வரும். அந்த முட்டையின் வளைவும் இலையின் வளைவும் விளிம்பின் வளைவையே ஒத்திருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிய வேண்டிய வெட்டுமுகத்தை, பூவேலை முன்னால் நிற்பவருக்கே காட்டிக் கொடுத்துவிடும். ஏதென்சில் பார்தெனோனில், கிறிஸ்துவுக்கு முன் 447 முதல் 432 வரை கட்டிய அந்தக் கோயிலில், மோல்டிங்குகளின் மேல் இப்படியான கோலங்களை நிறத்தால் தீட்டினார்கள். அதன் அருகில் சில ஆண்டுகளுக்குப் பின் எழுந்த எரெக்தெயோனில் அவற்றைப் பளிங்கிலேயே செதுக்கினார்கள்.

இந்தக் கலை ஏதென்சிலிருந்து எங்கள் கதவு வரை எப்படி வந்தது? புத்தகங்களின் வழியாக. 1562இல் விக்னோலா, 1570இல் பல்லாடியோ ஆகிய இத்தாலியர்கள் அளவுகளோடு படம் போட்டு நூல் வெளியிட்டார்கள். 1732இல் லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் என்பவர், பின்னக் கணக்கு இல்லாமல் சம பங்குகளாகப் பிரித்தே எல்லாவற்றையும் வரையும் முறையை அச்சிட்டார். அத்தகைய புத்தகங்கள் சாதாரணத் தச்சரின் பட்டறைக்கும் போயின. ஆங்கிலேயர் ஆட்சி போன இடமெல்லாம் அந்த வடிவங்களும் போயின. கொழும்பில் 1877இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருட்காட்சியகத்தை இத்தாலியப் பாணியில் கட்டினார்கள். பெரிய கட்டடங்களில் தொடங்கியது, கச்சேரி, தபாற்கந்தோர், பள்ளிக்கூடம் என்று சிறிய கட்டடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் வேலை செய்த கைகள் எங்கள் ஆட்களின் கைகள். அவர்களுக்கு விளிம்பு வளைப்பது புதினமல்ல. கோயிலுக்குப் போகும்போது கருவறைச் சுவரின் அடியைப் பாருங்கள். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரிசையாக இருக்கும். குமுதம் உருண்டு புடைத்து நிற்கும், சில கோயில்களில் பட்டை பிடித்திருக்கும். கண்டம் உள்ளே ஒடுங்கி இருட்டாக நிற்கும். மேலே கூரையோரத்தில் கபோதம் வளைந்து இறங்கும். கபோதம் என்றால் புறா. பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரத்துக்குச் சுற்றுலா போன மாணவிகள் இந்த அடுக்குகளைத் தொட்டே பார்த்திருப்பீர்கள். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. வெயில் எறிக்கும் இரண்டு நாடுகளில், கல்லில் கோடு போட வேண்டிய இரண்டு கூட்டத்தார், மேடும் இருட்டும் மாறி மாறி வர வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். அவர்கள் ரோறசும் ஸ்கோஷியாவும் என்றதை எங்கள் சிற்பிகள் குமுதமும் கண்டமும் என்றார்கள்.

இனித் தச்சு வேலைக்கு வருகிறேன். மோல்டிங் சீவுவதற்கென்று தனிச் சீவுளிகள் உண்டு. ஐரோப்பாவில் அவற்றைப் பீச் மரத்தில் செய்வார்கள். ஒரு சோடியில் ஒன்று பள்ளம் சீவும், மற்றது மேடு சீவும். ஒன்பது சோடி, பதினெட்டுச் சீவுளிகள், இருந்தால் அரைத்தொகுதி. அதை வைத்துக்கொண்டு ஒரு கைதேர்ந்தவர் எந்த வளைவையும் எடுத்துவிடுவார். ஒரே வளைவுக்கென்று செய்த சீவுளியும் உண்டு. அதன் அலகையே அந்த வளைவாக அராவியிருப்பார்கள். சுவரின் சுண்ணாம்பு வேலைக்கு வேறு முறை. தகட்டில் வெட்டுமுகத்தை வெட்டி, ஒரு பலகையில் அறைந்து, ஈரச் சுண்ணாம்பின் மேல் இழுத்துக்கொண்டு போவார்கள்.

கதவில் மோல்டிங் வெறும் அழகுக்கு அல்ல. மாரியில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். ஆகவே நடுப்பலகையை ஒட்டியோ ஆணி அடித்தோ இறுக்க மாட்டார்கள். சட்டத்தின் தவாளிப்புக்குள் சும்மா செருகி விடுவார்கள். பலகை அசையும்போது வரும் வெடிப்பை ஓரத்து வளைவின் நிழல் மறைத்துவிடும். மலிவான கதவில் வளைவைத் தனியாகச் செய்து ஆணியால் அறைந்திருப்பார்கள். எங்கள் கதவுகளில் அப்படியில்லை. சட்டத்தின் மரத்திலேயே வளைவைச் சீவி எடுத்திருக்கிறார்கள். மூலையில் இரண்டு வளைவுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை.

இப்போது நான் பேச வந்த விஷயம்.

இந்த மண்டபத்தில் எட்டுக் கதவுகள். நூற்றாண்டை முன்னிட்டு மண்டபத்தைத் திருத்துவதற்காகச் சங்கம் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சில நிலைகளைக் கறையான் அரித்திருக்கிறது. எட்டையும் கழற்றிவிட்டு, தட்டையான புதிய கதவுகள் போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கட்டடக்கலைஞர் என்ற முறையில் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். கருத்துச் சொல்வதற்கு முன், இந்தக் கதவுகளோடு எனக்கு ஒரு சொந்தம் இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது நேர்மையல்ல.

1995இல் நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது மண்டபத்தில் ஆறு கதவுகள்தான் இருந்தன. யார் கழற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் கதவு விறகாகிப் போனது அதிசயமல்ல. இரண்டு வாசல்களிலும் சாக்குக் கட்டி வைத்திருந்தார்கள். நான் அப்போது எட்டாம் வகுப்பு. ஒருநாள் காலை, பிரார்த்தனைக்கு வரிசையில் வரும்போது, விறாந்தையில் ஓர் ஓடாவியார் வெற்றுடம்போடு குந்தியிருந்து மரம் சீவிக்கொண்டிருந்தார். தலைமயிரிலும் தோளிலும் மரச்சுருள். எனக்குப் பின்னால் வந்த தோழி, "ஆரடி அது? உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்தபடி நடந்து போனேன்.

அவர் என் ஐயா.

டொக்டரின் மகளும் அதிபரின் மகளும் இருந்த வகுப்பில் எனக்கு அன்று அது பெரிய வெட்கம். ஐயா அன்றிரவு வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் முதல், நாங்கள் மண்டபத்துக்குப் போகும் நேரத்தில் அவர் விறாந்தையில் இருக்கவில்லை. வேலையைக் கட்டடத்தின் பின்புறம் மாற்றிக்கொண்டார். ஏன் மாற்றினார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

சில ஆண்டுகள் கழிந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தேன். ஒருநாள் விரிவுரையாளர் கரும்பலகையில் எட்டு வளைவுகளையும் வரைந்துகொண்டு வந்தார். எட்டாவதாக சைமா றிவேர்சாவை வரைந்தபோது என் விரல் மேசையின் கீழே தானாக அசைந்தது. அந்த வளைவை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைத் துணியால் மட்டுமல்ல. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சீவுளியின் அலகில் அதைக் கண்டிருக்கிறேன். வீட்டில் அதை 'அன்னக்கழுத்து' என்போம்.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் ஐயாவிடம் கேட்டேன்.

"ஐயா, அந்த மண்டபக் கதவின்ரை வளைவை எங்கை பழகினீங்கள்?"

"பழகிறதோ? உடைஞ்ச சட்டம்தான் காட்டித் தந்தது, பிள்ளை."

பிறகு பெட்டியைத் திறந்து விளங்கப்படுத்தினார். பழைய கதவொன்றின் உடைந்த சட்டத்துண்டு ஒன்று முற்றத்தில் கிடந்திருக்கிறது. அதன் அறுத்த முகத்தில் கடதாசியை வைத்துக் கரியால் தேய்த்து உருவத்தை எடுத்தார். பழைய அரம் ஒன்றைக் கொல்லரிடம் கொடுத்துத் தட்டி, அதை அலகாக அராவினார். முதல் அலகு சரிவரவில்லை. சீவுளிக்குள் அலகு சரிந்து நிற்பதால், கடதாசியில் உள்ள வளைவையே அலகில் அராவினால் மரத்தில் வளைவு ஆழம் குறைந்து விழும். 45 பாகையில் நிற்கும் அலகுக்கு, ஓர் அங்குல ஆழமான வளைவுக்கு ஏறத்தாழ 1.4 அங்குலம் வேண்டும். நான் இதைத் திரிகோண கணிதத்தில் படித்தேன். அவர் அராவிப் பார்த்து, சீவிப் பார்த்து, மறுபடி அராவிக் கண்டுபிடித்தார். நாலாவது முறை சரிவந்தது என்றார்.

தேக்கு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. வேம்பில் செய்தார். எட்டுக் கதவுகளுக்கும் ஒரே நிறம் பூசிய பிறகு எந்த இரண்டு புதியவை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சென்ற மாதம் கதவுகளைப் பரிசோதிக்க வந்தபோது கீழ் ஓரங்களைச் சுரண்டிப் பார்த்தேன். ஆறு தேக்கு, இரண்டு வேம்பு. அந்த வேப்பங்கதவுகள் இரண்டிலும் கறையான் இன்னும் வாய் வைக்கவில்லை. ஐயா காலமாகி ஏழு ஆண்டுகள். அன்னக்கழுத்துச் சீவுளி இப்போது என் மேசையில் இருக்கிறது.

சொந்தத்தைச் சொல்லிவிட்டேன். இனித் தொழிலின் கருத்து. என் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே எதிர்ப்பக்கத்தை நானே முதலில் சொல்கிறேன்.

கைவேலை செலவு கூடியது, நேரமும் எடுக்கும். இதைவிட அவசரமான தேவைகள் கல்லூரிக்கு உண்டு. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் மலசலகூடத்தைப் போய்ப் பார்த்தேன். கதவின் வளைவுக்காக அந்த வேலை ஒருநாள் பிந்தினாலும் அது பிழை. முதலில் அதைச் செய்வோம். ஆனால் அப்படியானால் எட்டுப் புதிய கதவுகளுக்கும் இப்போது பணம் இல்லைத்தானே? நான் பார்த்த அளவில், பழுது நிலைகளின் அடிப்பாகத்திலும் இரண்டு கதவுகளின் கீழ்ச்சட்டத்திலும்தான் இருக்கிறது. மேலே உள்ள மரம் தட்டினால் மணிபோல் கேட்கிறது. அடியில் ஓர் அடி பழுதானதற்காக ஏழு அடி நல்ல மரத்தை எறிவது சிக்கனம் அல்ல.

ஆகவே நான்கு விஷயங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, ஈரம் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும். மேற்குப் பக்கப் பீலி உடைந்து தண்ணீர் நிலையடியில் விழுகிறது. அதைத் திருத்தாமல் எந்தக் கதவைப் போட்டாலும் கறையான் வரும். இதற்குச் செலவு மிகக் குறைவு.

இரண்டு, எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வளைவையும் உள்ளபடியே முழு அளவில் படம் எடுத்து வைக்க வேண்டும். சுவர், தூண், நிலை, கதவு எல்லாம். கடதாசியும் பென்சிலும் போதும். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவிகள் இதைச் செய்யலாம், நான் கூட இருந்து காட்டித் தருகிறேன். மோல்டிங் அழிந்தாலும் வெட்டுமுகப் படம் இருந்தால் அதை மறுபடி பிறப்பிக்கலாம். ஓர் உடைந்த துண்டு என் ஐயாவுக்குச் செய்ததை அந்தப் படம் நாளைக்கு ஒருவருக்குச் செய்யும்.

மூன்று, பழுதான பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே மரத்தில் ஒட்டு வைக்க வேண்டும். வளைவைச் சீவ அன்னக்கழுத்துச் சீவுளியைத் தருகிறேன், வாடகை இல்லை.

நான்கு, தயவுசெய்து கதவுகளை மெசினால் தேய்க்க விடாதீர்கள். எத்தனையோ முறை பூசிய பெயின்ற், பள்ளங்களில் நிரம்பி, பிலெற்றின் கூர் விளிம்புகளை ஏற்கெனவே மழுக்கியிருக்கிறது. மெசின் போட்டால் பெயின்றோடு விளிம்பும் போய்விடும். விளிம்பு மழுங்கினால் நிழல் மழுங்கும், நிழல் போனால் வளைவு இருந்தும் இல்லாததுதான். ஆறுதலாக, கையால், பள்ளத்தின் அளவுக்கு வெட்டிய சுரண்டியால் எடுக்க வேண்டும். ஒரு கதவை ஒரு வகுப்பு பொறுப்பெடுத்தால் எட்டுக் கதவுகளுக்கு எட்டு வகுப்புகள். வெள்ளிக்கிழமை வேலை எங்களுக்குப் புதிதல்லவே!

முடிவு சங்கத்துடையது. புதிய கதவுதான் என்று பெரும்பான்மையோர் தீர்மானித்தாலும் நான் கோபிக்க மாட்டேன், படம் எடுக்கும் வேலைக்காவது வருவேன். ஆனால் தீர்மானிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தேநீருக்குப் போகும்போது வடக்குப் பக்கத்துக் கடைசி இரண்டு கதவுகளால் போங்கள். துணி வேண்டாம், வெறும் விரலால் அந்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு படி, ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு படி. பிறகு பக்கத்துத் தேக்குக் கதவையும் தொடுங்கள். இரண்டும் வேறு வேறு கைகள் செய்தவை, இடையில் எத்தனையோ ஆண்டுகள். விரலுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில் என் தோழி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் இன்று கனடாவில் இருந்து வந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். இந்தக் கல்லூரி எனக்குக் கணிதம் தந்தது, ஆங்கிலம் தந்தது, பல்கலைக்கழகத்துக்கு வழி காட்டியது. அவற்றுக்கு நன்றி சொல்லப் பல மேடைகள் கிடைத்தன. இந்த ஒரு பதிலைச் சொல்ல இந்த மண்டபம்தான் வேண்டியிருந்தது. பிள்ளை, அன்று விறாந்தையில் இருந்து சிரித்தது என் ஐயா. இந்த இரண்டு கதவுகளும் அவர் செய்தவை.